கத்திரி அத்தானும் அக்காவின் வேன் புத்தகமும்

என் அக்கா வீட்டுக்காரரை எனக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் சொல்லப்போவதைக் கேட்டால் யாருக்கும் அப்படித் தோன்றாது.

அவரும் நானும் ஒரே பதிப்பகத்தில் வேலை செய்கிறோம். அவர் பக்கம் அமைப்பவர். நான் புரூஃப் பார்ப்பவள். நடு அறையில் எதிரெதிர் மேசை. எழுத்து எங்கே நிற்க வேண்டும், படம் எவ்வளவு பெரிதாக வரவேண்டும், எவ்வளவு இடம் வெள்ளையாக விட வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கத்திரி. காரணம், எந்தப் படத்தைக் கையில் கொடுத்தாலும் இவர் முதலில் பார்ப்பது அதில் என்ன இருக்கிறது என்பதை அல்ல, நாலு பக்கமும் எதை வெட்டலாம் என்பதைத்தான்.

"ஓரத்துல இருக்கறதெல்லாம் குப்பை. கண்ணு நேரா நடுவுக்குப் போகணும்." இதைச் சொல்லிக்கொண்டேதான் வெட்டுவார்.

ஒருமுறை ஏதோ ஒரு அலுவலகத்திலிருந்து, பணி ஓய்வு பெறுகிறவருக்காகப் போட்ட மலருக்குக் குழுப்படம் ஒன்று வந்தது. அத்தான் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு ஆளை வெட்டிவிட்டு, நடுவில் இருந்தவர்களைக் கச்சிதமாக நிறுத்தினார். படம் பிரமாதமாக வந்தது. வெட்டுப்பட்டவர்களில் ஒருவர்தான் ஓய்வு பெறுகிறவர். மனிதர் கூச்சப்பட்டு ஓரமாக நின்றிருக்கிறார். அன்றைக்கு முதலாளியம்மா பேசிய பேச்சில் வாசலில் நின்ற தபால்காரர் உள்ளே வராமலேயே திரும்பிப் போனார்.

வெளி ஆளை மட்டும்தான் வெட்டுவார் என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய கல்யாண ஆல்பத்தை அவரே அமைத்தார். அதில் நான் ஒரு முழங்கை. மணப்பெண்ணின் சொந்தத் தங்கை, புதுத் துணி போட்டு, தலை நிறைய பூ வைத்து, அக்காவை ஒட்டிக்கொண்டு நாள் பூராவும் நின்றவள். ஆல்பம் பூராவும் தேடினால் ஒரு முழங்கை கிடைக்கும். இன்றைக்கும் அந்த ஆல்பத்தை யாராவது எடுத்தால் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.

பாவம், அவரையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. ஆறு பேர் நெருக்கியடித்துப் படுத்த ஒற்றை அறையில் வளர்ந்தவர். சுவரோரம் பெட்டி, பெட்டி மேல் பாய், பாய் மேல் பாத்திரம். ஓரத்தில் எதையாவது பார்த்தாலே அவருக்கு மூச்சு முட்டும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு கத்தியும் பசையுமாகப் பக்கம் ஒட்டப் போனவருக்கு, வெட்டி எறிவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றதும் சொர்க்கம் கிடைத்தது மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து சட்டைப் பையில் எஃகு ஸ்கேல் ஒன்று எப்போதும் நீட்டிக்கொண்டிருக்கும். தூங்கும்போது மட்டும்தான் கழற்றி வைப்பார் என்று அக்கா சொல்வாள். அதோடு ஒரு சிவப்புக் குடை, காகிதக் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. வெயிலோ மழையோ, அது கையில் இல்லாமல் வெளியே இறங்கமாட்டார். சிவப்புக் குடையை யாரும் தவறி எடுத்துப்போக முடியாது என்பது அவர் கணக்கு.

சாப்பிட உட்கார்ந்தாலும் தொழில் பேச்சுத்தான். "படம் சொல்றத எழுத்து திரும்பச் சொல்லக் கூடாது. எழுத்து சொல்றதப் படம் சொல்லக் கூடாது." சாப்பாட்டை விட இதைத்தான் நாங்கள் அதிகம் சாப்பிட்டிருக்கிறோம்.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்ட பிறகு, சாயங்காலம் மறுபடி ஏற்றும் வரைக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வேனை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் பெரிய வரைபடத் தாளைச் சாய்த்து வைத்துக்கொண்டு படம் வரைவாள். பேனாவும் கொஞ்சம் வண்ணமும். யாரிடமும் காட்டியதில்லை. வீட்டில் கேட்டால், "சும்மா கிறுக்கறேன்" என்பாள்.

அவர்கள் வீடு இருக்கும் சந்தில் வேனைத் திருப்ப முடியாது. பின்னாலேயே எடுத்துத்தான் ரோட்டுக்கு வரவேண்டும். தினமும் காலையில் அத்தான் பல் தேய்க்கும் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் போய் நிற்பார். ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, "வா... வா... வா... இன்னும் கொஞ்சம்... ஸ்டாப்." சந்துக்காரர்களுக்கு அதுதான் அலாரம். அவர் காய்ச்சலில் படுத்த ஒருநாள், அக்கா எதிர்வீட்டு கேட்டை இடித்தாள்.

வயதாகி முதுகுவலி வந்து, அக்கா வேனை விற்றாள். விற்ற கையோடு வேனைக் காலி செய்யும்போது, சீட்டுக்கு அடியிலிருந்து கட்டுக் கட்டாகப் படங்கள் வந்தன. நான் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு போய் முதலாளியம்மாவிடம் காட்டினேன். அந்த அம்மா யாரையும் லேசில் பாராட்டுகிற ஆள் இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இத வரைஞ்சவங்களையே எழுதவும் சொல்லு. வேன்ல ஏறின நாள்லேருந்து இறங்கின நாள் வரைக்கும். படத்தோட போடலாம்" என்றார். வரைந்தது அக்காதான் என்று நான் சொன்னதும் அத்தானைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரம்மா புத்தகம். நீங்கதான் பண்ணணும்" என்றார்.

அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் தொழில் தொழில்தானே. பக்கங்கள் முழுக்கத் தயாராகி, மாதிரிப் புத்தகம், எங்கள் பாஷையில் டம்மி, கட்டி முடிக்கும் வரை எழுதியவருக்கு எதையும் காட்டமாட்டேன் என்பது அவருடைய பழைய சட்டம். பெண்டாட்டிக்கும் அதே சட்டம்தான் என்று அறிவித்தார். அக்கா, "சரிங்க" என்று சொல்லிப் படங்களை ஒரு பெரிய துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள்.

அக்கா எழுதியதை நான் முதலில் படித்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை தேடுகிற எனக்கே பல இடத்தில் வேலை மறந்துபோனது. முடித்த தாள்களை எதிர் மேசைக்குத் தள்ளினேன். அத்தான் படிக்க ஆரம்பித்தார். முதலில் சிரித்தார். பிறகு தாள்களை வேகமாகப் புரட்டினார். பிறகு மறுபடி முதலிலிருந்து புரட்டினார். எதையோ தேடுகிறார் என்று தெரிந்தது.

"என்ன அத்தான்?"

"ஒண்ணுமில்ல. நாய்க்கு ரெண்டு பக்கம் குடுத்திருக்கா."

"எந்த நாய்?"

"தினமும் வேன் பின்னாடியே ஓடி வருமே, அந்த நாய்."

"நல்ல நாய்தான் அது."

"நல்ல நாய்தான். நான் வேணாம்னா சொன்னேன்? எனக்கு நாலு வரி."

வாங்கிப் பார்த்தேன். 'அந்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது' என்று அக்கா எழுதிய ஒரு வரி. அவர் புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பவர் என்று ஒரு வரி. நல்ல மனிதர் என்று ஒரு வரி. வேனின் கிளட்ச் முதல்முறை போனதும் அந்த வருஷம்தான் என்று ஒரு வரி.

"நாலாவது வரி கிளட்ச்சுக்கு," என்றார் அத்தான். "அப்போ மூணு."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முழங்கையாக இருக்கிறவளுக்கு அந்தச் சந்தோஷம் கூடவா கிடைக்கக் கூடாது? ஆனால் அவர் சிரிக்கவில்லை. ஸ்கேலைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். பகலில் அவர் அதை அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

"இல்லம்மா, நிஜமாத்தான் கேக்கறேன். இத்தனை வருஷம் ஒரே வீட்ல இருந்திருக்கோம். இதைப் படிச்சா, நான் இல்லாமப் போயிருந்தாலும் அவ வாழ்க்கை இப்படியேதான் இருந்திருக்கும்னு தோணுது."

அக்காவிடமே கேட்டுவிடுங்கள் என்றேன். கேட்டு வாங்குவதற்கு இதென்ன காப்பித்தூளா என்றார். அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் அன்றிலிருந்து அந்த மனிதர் அந்தப் புத்தகத்துக்குள் நுழைய வழி தேடினார். நேர் வழியைத் தவிர மற்ற எல்லா வழியிலும் முயற்சி செய்தார்.

முதல் வழி, தொழில் தந்திரம். ஒரு அத்தியாயம் பக்கத்தின் பாதியிலேயே முடிந்துபோனால், எழுதியவரிடம் இன்னும் சில வரிகள் கேட்டு வாங்குவது வழக்கம்தான். அத்தான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது ஒன்றும் தெரியாதவர் போலச் சொல்லியிருக்கிறார்: "அந்தக் கல்யாணம் வர்ற அத்தியாயம் குட்டையா நிக்குது. ஒரு பத்து வரி இருந்தா பக்கம் நெறஞ்சிடும். அந்த வருஷம் வேற ஏதாவது நடந்திருக்கும், யோசிச்சுப் பாரு."

அக்கா யோசித்துப் பார்த்தாள். மறுநாள் பத்து வரி வந்தது. கிளட்ச் எப்படிப் போனது என்பதை விவரமாக எழுதியிருந்தாள்.

"நல்ல எழுத்து," என்றார் அத்தான், பல்லைக் கடித்துக்கொண்டு.

இரண்டாவது வழி இன்னும் மோசம். அந்த அத்தியாயத்துக்கு அக்கா அவர் முகத்தைத் தபால்தலை அளவுக்கு ஒன்று வரைந்திருந்தாள். அத்தான் அதை ஊதி ஊதி முழுப் பக்கத்துக்குப் பெரிதாக்கினார். தபால்தலை அளவில் ஒரு புள்ளியாக இருந்த மூக்கு, முழுப்பக்கத்தில் உருளைக்கிழங்காக வந்து உட்கார்ந்தது. அந்தப் பக்கமாக வந்த முதலாளியம்மா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இது யாரு, வேனைத் திருட வந்தவனா?"

அத்தான் அதைப் பழைய அளவுக்குச் சுருக்கினார். எனக்கு அன்று முழுவதும் சிரிப்பை அடக்கி வயிறு வலித்தது. ஆனால் சாயங்காலம் குடையை மாட்டிக்கொண்டு அவர் தனியாகப் படியிறங்கிப் போனபோது, பாவமாகத்தான் இருந்தது.

மனத்தாங்கல் ஒரு பக்கம் இருந்தாலும் வேலையை வழக்கம்போலவே செய்தார். அக்காவின் தாள் பெரிது, எங்கள் அலுவலக ஸ்கேனர் சின்னது. ஒழுங்காகச் செய்வதென்றால் ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக ஸ்கேன் எடுத்து ஒட்ட வேண்டும். அத்தான் அதெல்லாம் தேவையில்லை என்றுவிட்டார். தாளின் நடுப்பகுதியைக் கண்ணாடிமேல் வைத்து அமுக்கினார். ஓரங்கள் வெளியே தொங்கின. தொங்கியது போக உள்ளே வந்ததிலும் கொஞ்சத்தைக் கத்திரித்தார். வேன், பிள்ளைகள், மழை, அக்கா எல்லாம் பக்கத்தின் நட்டநடுவில் பளிச்சென்று நின்றன. நான் எழுத்தைப் பார்த்தேனே தவிர படங்களைக் கவனிக்கவில்லை. என் வேலை அது இல்லையே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டம்மியைப் பழுப்புத் தாளில் சுற்றிக்கொண்டு, படங்கள் இருந்த துணிப்பையையும் தோளில் மாட்டிக்கொண்டு அத்தான் வீட்டுக்கு வந்தார். என்னையும் வரச்சொல்லியிருந்தார். அக்கா கையைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். அத்தான் எதிரில் உட்காரவில்லை. அலமாரி ஓரமாகப் போய்ச் சாய்ந்து நின்றுகொண்டார்.

அக்கா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். போகப் போகத் திருப்புவது மெதுவானது. கடைசிப் பக்கம் வரை போய் மூடினாள்.

"நல்லா இருக்குங்க," என்றாள். வேனில் வாந்தி எடுத்த பிள்ளையிடம் பரவாயில்லை என்று சொல்லும் குரல் அது.

"என்ன, பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன. நீங்க செஞ்சா நல்லாத்தான் இருக்கும்." பிறகு டம்மியை மறுபடி திறந்தாள். "இந்த டயர் மாத்தற படத்துல ஒரு குடை இருந்துதே."

"எந்தக் குடை?"

"வலது பக்கம். சிவப்புக் குடை."

"ஓ, அதுவா. பாதிக் குடை, பாதிக் கை. ஆளே இல்ல. ஓரத்துல அசிங்கமா இருந்துது, எடுத்துட்டேன்."

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. அத்தானுக்குப் புரியவில்லை. அலமாரியில் சாய்ந்தபடி, தொழில் தெரிந்தவர் முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

அக்கா பக்கத்தைத் திருப்பினாள். "இது காலையில வண்டி எடுக்கறது. சைடு கண்ணாடியில ஒரு கை தெரியும்."

"ஆமா. வெறும் கை. அந்தரத்துல தொங்கற மாதிரி. அதான்."

"இது வேன்ல வந்த பிள்ளைக்கு அடிபட்டு ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தது. பெஞ்சு முடியற எடத்துல ஒரு சட்டைப் பை வரைஞ்சிருந்தேன்."

"அது எனக்குத் தெரியாதே. ஸ்கேனருக்கு வெளில போயிருக்கும்."

"அந்தப் பையில ஒரு ஸ்கேல் நீட்டிக்கிட்டிருக்கும்."

அத்தானின் கை தானாக மேலே போய்ச் சட்டைப் பையைத் தொட்டது.

"என்னங்க," என்றாள் அக்கா, "நம்ம வீட்ல பையில ஸ்கேல் வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வர்ற ஆளு யாரு?"

நான் எழுந்து துணிப்பையை எடுத்து, படங்களை மேசையில் கொட்டினேன். மேசை போதாமல் தரையிலும் பரப்பினோம். அத்தான் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். வெள்ளத்தில் வேன் நின்றுபோன படத்தில், பின்பக்கம் தள்ளுகிற ஒரு தோள். பரீட்சை நாள் அவசரத்தில் அக்காவின் டிபன் பாக்ஸை வேன் ஜன்னல் வழியாக நீட்டுகிற ஒரு மணிக்கட்டு. புத்தகத்துக்காகப் புதிதாக வரைந்த, வேனை விற்ற நாள் படத்தில், வாசற்படியில் நீல நூலால் தைத்த வாருடன் ஒரு ஜோடி செருப்பு. செருப்பின் வாரை நீல நூலால் தைத்துப் போட்டுக்கொள்கிற கஞ்சன் எங்கள் குடும்பத்தில் ஒருவர்தான். படத்துக்குப் படம் இருந்தார். எல்லாவற்றிலும் ஓரத்தில். எல்லாவற்றிலிருந்தும் அவரே அவரை வெட்டியிருந்தார்.

"எல்லாத்துலயும் ஏன் ஓரத்துலயே போட்டே?" அத்தான் ஒரு படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க அங்கதானே நின்னீங்க."

"அப்போ எழுத்துல? எழுத்துல ஏன் நான் இல்ல?"

"படத்துல இருக்கறத எதுக்கு எழுதணும்? தெனமும் நீங்கதானே சொல்லுவீங்க, படம் சொல்றத எழுத்து சொல்லக் கூடாதுன்னு."

அத்தானுக்கு அசடு வழிந்தது. இருந்தாலும் விடவில்லை. "நாய்க்கு ரெண்டு பக்கம் எழுதியிருக்கியே."

"அது ஒரு எடத்துல நின்னாத்தானே வரைய முடியும்? ஓடிட்டே இருக்கும். அதான் எழுதினேன்."

நான் சிரித்தேன். அத்தானும் சிரிக்கப் பார்த்தார். ஆனால் அக்கா சிரிக்கவில்லை. டம்மியின் அட்டையை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள்: "இதைப் பாத்ததும் எனக்கு வேற என்னமோ தோணிச்சு. வேணும்னேதான் எடுத்துட்டீங்களோன்னு. புத்தகம் போடற மனுஷன், வேன்காரி புத்தகத்துல இருக்கறது கௌரவக் குறைச்சல்னு நினைச்சிட்டீங்களோன்னு."

அத்தான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அடி போடி," என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ள எதுவும் அகப்படாமல், டம்மி சுற்றி வந்த பழுப்புத் தாளை எடுத்துத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதுவிடாமல் இருக்க, ஆல்பத்தில் என்னை வெட்டிய விஷயத்தை அப்போதே எடுத்து இருவரிடமும் சண்டை போட்டேன்.

மறுநாளிலிருந்து வேலை முதலிலிருந்து ஆரம்பித்தது. ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக ஸ்கேன் எடுத்து, மயிரிழை பிசகாமல் ஒட்டினார். தாளின் கிழிந்த விளிம்பு, டீ டம்ளர் வைத்த வட்டக்கறை, எதையும் தொடவில்லை. புத்தகத்தின் அளவையே அகலமாக்கினார். படத்தைச் சுற்றிலும் தாராளமாக வெள்ளை விட்டார். முதலாளியம்மா பார்த்துவிட்டு, "என்னங்க இது, கத்திரியைத் தொலைச்சிட்டீங்களா?" என்றார். காகிதம் எக்கச்சக்கமாக ஆகும் என்று முணுமுணுத்தார். பிறகு ஆஸ்பத்திரிப் படத்தின் பெஞ்சு முனையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, அத்தானின் சட்டைப் பையையும் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நல்ல மனிதர் என்ற வரியை மட்டும் எடுத்துவிடலாமா என்று அத்தான் என்னிடம் ரகசியமாகக் கேட்டார். படம் சொல்வதை எழுத்து திரும்பச் சொல்கிறதாம். நான் முடியாது என்றேன். புரூஃப் பார்ப்பவளுக்கும் கொஞ்சம் அதிகாரம் உண்டு.

அச்சாகி முடிந்த தாள்கள் மடித்துத் தைக்கப்பட்டு, பைண்டிங் கடைக்குப் போயின. அங்கேதான் கடைசி ஆபத்து. புத்தகத்தைக் கட்டியதும் மூன்று பக்கமும் விளிம்பை ஒழுங்காக்க, பெரிய கட்டிங் மெஷினில் வைத்துச் சீவுவார்கள். அத்தான் எத்தனையோ புத்தகம் செய்திருக்கிறார், ஒருநாளும் பைண்டிங் கடைப் பக்கம் போனதில்லை. இந்த முறை காலையிலேயே போய் நின்றுவிட்டார். நானும் அக்காவும் பின்னாலேயே போனோம்.

பசை வாடையும் காகிதத் தூசியுமாக நீளமான ஒரு கொட்டகை. பைண்டர் அண்ணன் புத்தகக் கட்டை மெஷினில் தள்ளி, கட்டைப் பிளேடுப் பக்கம் தள்ளுகிற பின்பக்கத் தடுப்பை முன்னே கொண்டுவரச் சக்கரத்தைப் பிடித்தார். இருபது வருஷமாக அதே வேலையைச் செய்கிற மனிதர், கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவார். அத்தான் அவரை விடவில்லை. மெஷினுக்குப் பக்கவாட்டில் போய், பிளேடு இறங்கும் கோட்டுக்குக் கண்ணை நேராக வைத்து, ஒரு கையைத் தூக்கிக்கொண்டார்.

"வா... வா... வா... இன்னும் கொஞ்சம்..."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்டாப்."

பைண்டர் அண்ணன் சக்கரத்தை நிறுத்திவிட்டு, எரிச்சலும் சிரிப்புமாகப் பார்த்தார். "அவ்வளவு வெள்ளை விட்டிருக்கீங்க, அப்புறமும் இப்படி பயப்படறீங்க. ஓரத்துல அப்படி என்ன சார் இருக்கு?"

"நான் இருக்கேண்ணே," என்றார் அத்தான். "பாத்து வெட்டுங்க."

பைண்டர் அண்ணன் குனிந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டு, பிளேடை இறக்கினார்.